கூடுவாய்க் கைமரத்திலிருந்து தொடங்குங்கள்

கன்னியாகுமரி மாவட்டத்தில் பழைய ஓட்டுக்கூரை வீடுகளைச் சீரமைக்கும் பணியில் மேற்பார்வைப் பொறியாளராக நீண்ட காலம் இருந்து வருகிறேன். கூரையைப் பிரித்து மேய வேண்டும் என்று முடிவானதும் வீட்டுக்காரர்களும் ஒப்பந்ததாரர்களும் முதலில் செய்வது, கூரையைத் தாங்கும் சாய்வு மரங்களாகிய கைமரங்களை எண்ணுவதுதான். எத்தனை உளுத்துப் போயிருக்கின்றன, எத்தனை அடி மரம் வாங்க வேண்டும் என்று ஒரு தாளில் குறித்து, அதை அடி விலையால் பெருக்கி மதிப்பீட்டை முடித்துவிடுகிறார்கள். அந்தத் தாளில் எல்லாக் கைமரங்களும் ஒரே வரிசையில் நிற்கின்றன. கூரையிலோ அவை அப்படி நிற்பதில்லை; ஒன்றின் சுமையை மற்றொன்று வாங்குகிறது, ஒன்று கெட்டால் அதனுடன் பத்து கெடுகின்றன. பணமும் கவனமும் முதலில் போக வேண்டிய இடம், இரண்டு கூரைச் சாய்வுகள் உட்புறமாகச் சேரும் கூடுவாயில் கிடக்கும் கைமரம் என்பதை என்னால் இயன்ற இடங்களிலெல்லாம் வலியுறுத்தி வருகிறேன்.

சுவரின் தலையில் நீளவாக்கில் படுத்திருப்பது உத்திரம். உச்சியில் கிடப்பது முகட்டு உத்திரம்; எங்கள் பக்கத்து ஆசாரிகள் அதை மோந்தாயம் என்பார்கள். இந்த இரண்டுக்கும் இடையில் சாய்வாக நிற்பது கைமரம் அல்லது கழுக்கோல். உத்திரத்திலிருந்து முகடு வரை தடையின்றிச் செல்லும் கைமரத்தை இந்தக் கட்டுரையில் முழுக் கைமரம் என்று சொல்லிக்கொள்கிறேன். இரண்டு சாய்வுகள் வெளிப்புறமாகப் புடைத்துச் சேரும் மூலையில் ஏறுவது மூலைக் கைமரம். பொறியியல் பாடத்தில் ஹிப் ராஃப்டர் என்று படித்தது இதைத்தான். இரண்டு சாய்வுகள் உட்புறமாகக் குழிந்து சேரும் இடம் கூடுவாய். வீட்டின் முன்கட்டும் பக்கக்கட்டும் எல் வடிவில் சேரும் இடத்திலும், நடு முற்றத்தின் நான்கு மூலைகளிலும் கூடுவாய் உண்டு. இந்த மூலைக் கைமரத்திலோ கூடுவாய்க் கைமரத்திலோ போய் முட்டி நிற்கும் அரைகுறை நீளக் கைமரங்கள்தான் ஜாக் ராஃப்டர்கள், அதாவது குட்டைக் கைமரங்கள். மூலைக்குரிய குட்டைக் கைமரம் கீழே உத்திரத்தில் உட்கார்ந்து மேலே மூலைக் கைமரத்தில் சாய்கிறது. கூடுவாய்க்குரியது மேலே முகட்டைப் பிடித்துக்கொண்டு கீழே கூடுவாய்க் கைமரத்தின் மேல் இறங்குகிறது. அதன் காலடியில் சுவர் இல்லை.

இந்தக் கைமரங்களின் நீளத்தைக் கண்டுபிடிக்க, அனுபவமுள்ள ஆசாரிகள் தரையில் சுண்ணக்கட்டியால் முழு அளவில் கோடு போடுவார்கள். வீட்டின் ஒரு கட்டு 16 அடி அகலம் என்று வைத்துக்கொள்வோம். பாதி அகலம் 8 அடி, முகட்டின் ஏற்றம் 6 அடி என்றால் முழுக் கைமரம் சரியாக 10 அடி. இது எல்லோருக்கும் தெரிந்த முக்கோணம். மூலைக்கும் கூடுவாய்க்கும் கணக்கு வேறு. 8 அடிச் சதுரம் ஒன்றை வரைந்து அதன் குறுக்கே கோடு போட்டால் 11 அடி 3¾ அங்குலம் வரும். அந்தக் கோட்டின் ஒரு நுனியில் செங்குத்தாக 6 அடி எழுப்பி, மறு நுனியோடு நூலைப் பிடித்தால் 12 அடி 9¾ அங்குலத்துக்குச் சற்றுக் குறைவாக நிற்கும். அதுதான் கூடுவாய்க் கைமரத்தின் நீளம். இறவாரம், அதாவது கூரையின் கீழ் விளிம்பு, சுவருக்கு வெளியே 2 அடி நீள வேண்டுமென்றால் முழுக் கைமரத்துக்கு 12½ அடி மரம் போதும். மூலைக் கைமரத்துக்கு 16 அடி மரம் வேண்டும். மரக்கடையில் 16 அடி நீளத்தில் நேரான மரம் எளிதில் கிடைப்பதில்லை என்பதால் இரண்டு துண்டுகளை ஒட்டுப் போட்டுத் தரச் சிலர் முன்வருவார்கள். முழுக் கைமரத்தில், கீழே தாங்கல் உள்ள இடத்தில் ஒட்டு விழுந்தால் நான் மறுப்பதில்லை. மூலையிலும் கூடுவாயிலும் ஒட்டுக்கு நான் இதுவரை ஒப்புக்கொண்டதில்லை.

அதே தரைக்கோட்டில் இன்னொரு செய்தியும் இருக்கிறது. பெரும்பாலோர் அதைக் கவனிப்பதில்லை. முழுக் கைமரம் 8 அடி போவதற்குள் 6 அடி ஏறுகிறது. அதன் சாய்வு ஏறத்தாழ 37 பாகை. கூடுவாய்க் கைமரமோ அதே 6 அடியை ஏற 11 அடிக்கு மேல் எடுத்துக்கொள்கிறது. அதன் சாய்வு 28 பாகைதான். 30 பாகைச் சாய்வில் மேய்ந்த கூரை என்றால் கூடுவாய் 22 பாகை அளவுக்குத் தணிந்துவிடும். ஆக, இரண்டு கூரைகளின் மழைநீரும் வந்து சேரும் இடம், அந்தக் கூரைகளைவிடத் தட்டையாக இருக்கிறது. நீர் அங்கே மெதுவாக ஓடுகிறது, அதிகமாகத் தேங்குகிறது, சருகு அடைத்தால் ஓட்டின் அடியில் பின்வாங்குகிறது. தென்மேற்குப் பருவமழை, வடகிழக்குப் பருவமழை இரண்டும் பெய்யும் எங்கள் மாவட்டத்தில் கூடுவாயின் மரம் நன்றாக உலர்வதற்குக் கிடைக்கும் மாதங்கள் குறைவு. சுமையும் அங்கேதான் கூடுகிறது. சீமை ஓடு என்று வழங்கும் மங்களூர் ஓடு ஒன்று 2 முதல் 3 கிலோ இருக்கும். ஒரு சதுர மீட்டருக்குச் சுமார் 15 ஓடுகள் என்று கொண்டால் ஓடு மட்டுமே 30 முதல் 45 கிலோ, நனைந்தால் அதற்கும் மேல். இருபுறமிருந்தும் இறங்கும் குட்டைக் கைமரங்கள் தங்கள் பங்கைக் கூடுவாய்க் கைமரத்தின் மேல் வைக்கின்றன. கூரையிலேயே நீளமான மரம், சாய்வு குறைந்த மரம், ஈரம் மிகுந்த மரம், சுமை மிகுந்த மரம் எல்லாம் ஒரே மரமாக இருக்கும்போது, அதை மற்றக் கைமரங்களோடு சேர்த்து எண்ணுவது எப்படி முறையாகும்?

பழைய தச்சர்கள் இதை அறிந்தே கட்டியிருக்கிறார்கள். தக்கலைக்கு அருகில் உள்ள பத்மநாபபுரம் அரண்மனைக்குப் போகிறவர்கள் பூமுகம் என்னும் முகப்பு மண்டபத்தின் செதுக்கு வேலையை அண்ணாந்து பார்த்துவிட்டு நகர்ந்துவிடுகிறார்கள். அரண்மனையின் மிகப் பழைய பகுதியாகிய தாய்க் கொட்டாரத்தின் முற்றத்தில் சிறிது நேரம் நிற்க வேண்டும் என்று நான் கேட்டுக்கொள்வேன். நான்கு பக்கக் கூரைகளும் உள்நோக்கிச் சரிந்து முற்றத்தின் நான்கு மூலைகளில் சேருகின்றன. சேரும் மூலைகளில் தூண்கள் நிற்கின்றன. கூடுவாயின் சுமை இறங்கும் இடத்துக்கு நேர் கீழே தூண் வைத்த அந்தத் தீர்மானம், எத்தனை முறை பார்த்தாலும் எனக்குப் பெருமிதம் தருகிறது. இந்த அரண்மனை தமிழ்நாட்டு எல்லைக்குள் இருந்தாலும் கேரளத் தொல்லியல் துறையின் பராமரிப்பில் உள்ளது. திருவிதாங்கூரின் தலைநகரம் 18ஆம் நூற்றாண்டின் இறுதியில் திருவனந்தபுரத்துக்கு மாறிய பிறகும் இந்தக் கூரைகள் நிலைத்திருக்கின்றன.

தனியார் வீடுகளில் நிலைமை வேறு. மாவட்டத்தின் மேற்குப் பகுதியில் ஒரு பழைய வீட்டின் கூடுவாயில் மழைக்காலந்தோறும் ஒழுகிக்கொண்டிருந்தது. முன்பு வேலை எடுத்த ஒப்பந்ததாரர், கூடுவாயின் நீரை வடிக்கும் தகரப் பாத்தியைக் கழற்றி எறிந்துவிட்டு, கூடுவாய் முழுவதையும் சிமெண்டுச் சாந்தால் நிரப்பியிருந்தார். நாங்கள் போனபோது வீட்டுக்காரர் நடுக் கூடத்தின் மேல் தொய்ந்திருந்த கைமரங்களைக் காட்டினார். என்னோடு வந்த மூத்த ஆசாரி, “அத பொறவு பாக்கலாம் சார், மொதல்ல மூலைக்கு ஏணியப் போடுங்க” என்றார். கூடுவாய்க் கைமரத்தின் அடிப்பக்கம் பார்வைக்குக் குறையில்லாமல், எண்ணெய் பூசிய பளபளப்புடன் இருந்தது. உளியின் பிடியால் தட்டிக்கொண்டே அவர் மேலிருந்து கீழே வந்தார். முகட்டுப் பக்கம் கணீரென்று ஒலித்த மரம், உத்திரத்தை நெருங்க நெருங்க மந்தமாகியது. பக்கவாட்டில், மேல் விளிம்புக்குச் சற்றுக் கீழே உளி முனையை வைத்து அழுத்தினார். சுத்தியல் தேவைப்படவில்லை, இரண்டு விரற்கடை உள்ளே போயிற்று. வெளியே இழுத்தபோது பொடியாக வந்தது தவிட்டு நிறத்தில், கையில் பிசுபிசுக்கும் அளவுக்கு ஈரமாக இருந்தது. வெயிலில் மரம் சுருங்குகிறது, சாந்து அதோடு சுருங்குவதில்லை. இரண்டுக்கும் இடையில் விழுந்த மெல்லிய விரிசல் வழியே இறங்கிய நீருக்கு வெளியேற வழியே இல்லாமல் போயிருந்தது. நடுக் கூடத்தில் தொய்ந்திருந்த கைமரங்களைப் பிறகு சோதித்தோம். அவற்றில் பெரும்பாலானவை நல்ல மரங்கள். கூடுவாய் இறங்கியதால் முகட்டு உத்திரம் ஒரு பக்கமாக இழுபட்டு, அந்தத் தொய்வு அங்கே தெரிந்திருக்கிறது. எண்ணிப் பார்த்து மாற்றியிருந்தால் நல்ல மரங்களைக் கழித்துவிட்டுக் கெட்ட மரத்தை அப்படியே விட்டிருப்பார்கள்.

மரத் தேர்விலும் இந்த வேறுபாட்டை நான் கடைப்பிடிக்கிறேன். முதிர்ந்த பனையின் வைரம் பாய்ந்த பனங்கை முழுக் கைமரத்துக்கு மிகச் சிறந்தது. அடிப்பக்கம் கீழே, நுனிப்பக்கம் மேலே வருமாறு வைத்து, உட்புறத்துப் பனஞ்சோற்றைச் சுத்தமாகச் செதுக்கி நீக்கியிருந்தால் போதும். கூடுவாய்க்குப் பனையை நான் பரிந்துரைப்பதில்லை. ஈரம் சேரும் இடத்தில் மிச்சமிருக்கும் சோறு முதலில் கெடுகிறது. சாய்வு வெட்டுகளும் அதன் நாரில் சுத்தமாக விழுவதில்லை. அயனி அல்லது தேக்கு, அதுவும் முழுக் கைமரத்தைவிட உயரம் கூடிய மரமாக இருக்க வேண்டும். 4 அங்குல உயரத்தை 6 அங்குலமாக்கினால் மரத்தின் அளவு ஒன்றரை மடங்குதான் கூடுகிறது. விறைப்போ மூன்று மடங்குக்கும் மேல் கூடுகிறது. இந்தக் கூடுதல் உயரத்துக்கு ஆகும் செலவைக் குறைக்கச் சொல்லிக் கேட்பவர்களிடம், நான் வேறு எந்த இடத்திலும் இல்லாத பிடிவாதத்தைக் காட்டுகிறேன்.

கூடுவாய்க் கைமரம் ஏறிய பின் குட்டைக் கைமரங்களின் வேலை தொடங்குகிறது. இங்கேயும் தரைக்கோடு உதவுகிறது. மேலே சொன்ன அளவுள்ள கூரையில் கைமரங்களை 2 அடி இடைவெளியில் வைத்தால், ஒவ்வொரு குட்டைக் கைமரமும் முந்தியதைவிட 2½ அடி குறைந்துகொண்டே வரும்: 10 அடி, 7½ அடி, 5 அடி, 2½ அடி. தாங்கும் கைமரத்தின் பருமனில் பாதிக்குரிய கழிவை இவை ஒவ்வொன்றிலும் எடுக்க வேண்டும். எடுக்காவிட்டால் மரம் முட்டித் தள்ளும். முட்டும் நுனியில் இரண்டு சாய்வுகள் சேர்ந்த வெட்டு தேவை, வலப்பக்கத்துக்கும் இடப்பக்கத்துக்கும் அது திரும்பி வரும். அதனால் வெட்டுவதற்கு முன்பே ஒவ்வொரு மரத்திலும் பக்கத்தையும் எண்ணையும் எழுதிவிடச் சொல்கிறேன். பொருத்தும்போது ஒரு பக்கத்தை முழுவதும் முடித்துவிட்டு மறுபக்கம் போகக் கூடாது. வலப்பக்கம் ஒன்று, அதற்கு எதிரே இடப்பக்கம் ஒன்று என்று சோடியாக ஏற்றி, ஒவ்வொரு சோடிக்கும் பிறகு முகட்டிலிருந்து உத்திரம் வரை நூலைக் கட்டி, கூடுவாய்க் கைமரம் பக்கவாட்டில் வளைந்திருக்கிறதா என்று பார்க்க வேண்டும். அகலமான தகரப் பாத்தி அதற்குப் பிறகுதான்; இருபுறமும் ஓட்டின் அடியில் ஒரு சாண் அளவுக்கேனும் ஏறியிருக்குமாறு அதை வளைத்து, ஓட்டுத் துண்டுகளைக் கம்பியால் ரீப்பரோடு (ஓட்டைத் தாங்கும் குறுக்குச் சட்டத்தோடு) கட்டி, நடுவில் கை நுழையும் அளவுக்கு இடம் விட்டு மேய்ந்தால், ஒவ்வொரு பருவத்துக்கு முன்பும் சருகை அள்ளிப் போட வீட்டுக்காரராலேயே முடியும்.