பத்தடி தள்ளி உட்கார்ந்த டாக்டர்

ஆபரேஷன் தியேட்டரில் கருவி எடுத்துக் கொடுக்கும் வேலைக்கு வந்து பதினேழு வருடம் ஆகிறது. சேலத்திலேயே இரண்டு மருத்துவமனை மாறியாயிற்று. இத்தனை வருடத்தில் உருப்படியாகக் கற்றுக்கொண்டது டாக்டர்களின் கையைப் படிப்பதைத்தான். உள்ளங்கை விரிகிற விதத்திலேயே கத்தரியா, கிளாம்ப்பா, நூலா என்று தெரிந்துவிடும். மாஸ்க்குக்கு மேலே கண் சுருங்கினால் உள்ளே ரத்தம் கசிகிறது. அவர் வாய் திறப்பதற்குள் ரத்தம் ஒற்றுகிற துணி, மாப், கைக்குப் போய்விடும்.

ஆபரேஷனுக்கு ரோபோ வந்ததும் அந்தப் படிப்பு எதற்கும் உதவவில்லை. நோயாளி பக்கத்தில் நானும் அசிஸ்டென்ட் டாக்டரும் மட்டும். பெரிய டாக்டர் பத்தடி தள்ளி, செருப்பைக் கழற்றிவிட்டு, பழைய காலத்து போட்டோகிராபர் கறுப்புத் துணிக்குள் தலையை விட்ட மாதிரி ரோபோவை இயக்குகிற கன்சோலுக்குள் முகத்தைப் புதைத்து உட்கார்ந்திருக்கிறார். கையும் தெரியாது, கண்ணும் தெரியாது. ஸ்பீக்கரில் குரல் மட்டும் வரும்.

அந்த மேஸ்திரி வந்தது நாங்கள் ஓரளவு பழகிய பிறகு. ஏற்காட்டில் காப்பித் தோட்டத்து மேஸ்திரி, ஐம்பதைத் தாண்டியவர். வெளிக்குப் போகும்போது ஒரு வருடமாக ரத்தம். மூலம் என்று அவரே முடிவு செய்து துத்தி இலை, கருணைக்கிழங்கு என்று ஓட்டியிருக்கிறார். மூலமும் இருந்ததாம், அதுதான் வினை. எடை குறைந்த பிறகுதான் இருபது கொண்டை ஊசி வளைவும் இறங்கி வந்தார். மலக்குடலில் கட்டி. கதிர்வீச்சும் கீமோவும் முடித்து, சில வாரம் கழித்து எங்களிடம் வந்தார்.

மேசையில் படுக்க வைத்ததும் கேட்டார்: “மிஷினே அறுத்துப் போடுமாங்க சிஸ்டர்? நடுவுல கரண்ட் போச்சுன்னா?”

“அறுக்கறது டாக்டர் கைதாங்க. அவர் கை அசைஞ்சாத்தான் மிஷின் அசையும். பேட்டரியும் இருக்குது, ஜெனரேட்டரும் இருக்குது.”

பாதி நம்பினார்.

மலக்குடல் சுமார் 15 செ.மீ. நீளம்தான், ஒரு சாண் கூட வராது. ஆனால் அது இருக்கிற இடம் அப்படி. ஆண்களின் இடுப்பெலும்புக் கூடு குறுகல், குடத்துக்குள் கை விட்டுத் துழாவுகிற வேலை. கட்டியை மட்டும் எடுத்தால் போதாது. அதைச் சுற்றியுள்ள கொழுப்பு உறையோடு, உறை கிழியாமல் முழுசாக எடுக்க வேண்டும். பில் ஹீல்ட் என்ற ஆங்கிலேய சர்ஜன் 1982-இல் எழுதிய முறை இது. உறைக்கு வெளியே இரண்டு பக்கமும் நரம்புகள் ஓடுகின்றன. சிறுநீர் பிரிவதும் ஆண்மையும் அவற்றின் கையில். வயிற்றைத் திறந்து செய்கிற ஓப்பன் கேஸில் அந்த ஆழத்துக்கு வெளிச்சமே சரியாகப் போகாது. சதையை விலக்கிப் பிடிக்கிற ரிட்ராக்டரோடு நிற்கும் பயிற்சி டாக்டருக்குக் கை மரத்துப் போகும்.

ரோபோ கேமரா பத்து மடங்கு வரை பெரிதாக்கிக் காட்டுகிறது. அன்று திரையில் பார்த்தேன்: சிலந்தி வலை மாதிரி மெல்லிய திசு, அதைக் கத்தரி ஒவ்வொரு இழையாக விலக்க, ஓரத்தில் வெள்ளை நூலாக நரம்பு. கருவியின் நுனி மணிக்கட்டு போல மடங்கி அதைத் தொடாமல் சுற்றிக்கொண்டு போயிற்று.

பெருமை பேசினால் குறையையும் சொல்ல வேண்டும். எங்களிடம் உள்ள மிஷினுக்குத் தொடு உணர்வு கிடையாது. ஆரம்பத்தில் முடிச்சை இறுக்கும்போது டாக்டர் நூலை அறுத்துக்கொண்டே இருந்தார். எவ்வளவு இழுக்கிறோம் என்பதைக் கண்ணால் கணிக்க அவருக்குக் கொஞ்ச காலம் பிடித்தது. 471 நோயாளிகளை வைத்து 2017-இல் வந்த ஒரு ஆய்வில், பாதியில் ஓப்பனுக்கு மாற வேண்டி வந்தது சிறு துளை போட்டு கையாலேயே கருவி பிடித்துச் செய்கிற சாதாரண லேப்ராஸ்கோபியில் 12.2 சதவீதம், ரோபோவில் 8.1. புள்ளியியல்படி அது உறுதியான வித்தியாசம் இல்லையாம். செலவோ அதிகம். மிஷின் வந்துவிட்டாலே எல்லாம் சுலபம் என்று யாராவது சொன்னால் நான் தலையாட்டுவதில்லை.

வெளியே ரோபோ கைகள் என்ன செய்கின்றன என்பதும் கன்சோலில் இருப்பவருக்குத் தெரியாது. அன்று ஒரு கை மேஸ்திரியின் தொடையை நெருங்கியது. “சார், மூணாவது கை கால்ல படப்போகுது.” கேட்டால் மட்டும் பேசு என்று வளர்க்கப்பட்டவள் நான். இப்போது பேசாமல் இருந்தால்தான் தப்பு. ஸ்பீக்கரில் “சரி” என்று வந்தது, கை நின்றது. அந்தச் ‘சரி’யில் பல ரகம் உண்டு. வெட்டினாற்போல வந்தால் வேலை நன்றாகப் போகிறது. “சரீ...” என்று இழுத்தால் நான் சத்தமில்லாமல் ஓப்பன் செட்டைப் பக்கத்தில் நகர்த்திவிடுவேன். அன்று ஒரு தடவை நகர்த்தினேன். நல்லவேளை, பிரிக்கவில்லை.

குடலில் போட்ட தையல் ஆறும்வரை என்று மலம் சேர வயிற்றில் பை வைத்தோம். அதைப் பார்த்து மனிதர் இரண்டு நாள் யாரிடமும் பேசவில்லையாம். சிறுநீருக்குப் போட்டிருந்த குழாயை எடுத்த அன்று டியூட்டி முடிந்து வார்டுக்குப் போனேன். அது என் வேலை இல்லை, ஆனாலும் போனேன். அவர் மனைவி பிளாஸ்க்கிலிருந்து காப்பி ஊற்றிக்கொண்டிருந்தார்.

“ஒண்ணுக்குப் போயிட்டனுங்க சிஸ்டர். தானாவே போச்சு.”

“எவ்வளவுங்க?”

“முந்நூறு மில்லின்னு அந்தப் பொண்ணு எழுதிட்டுப் போச்சுங்க.”

படிக்கட்டில் நின்று டாக்டருக்கு போன் போட்டுச் சொன்னேன்.

“சரி” என்றார். இழுக்கவில்லை.