30 சதவீதம் போதுமா?
மேலூர்ப் பக்கம் கொள்முதல் நிலைய வாசலில் நெல்லைக் குவித்துக் காத்திருக்கும் சம்சாரிக்கு 'மழைக்கு 30 சதவீத வாய்ப்பு' என்பதே போதும். தார்ப்பாய்க்கு ஆகும் செலவு கொஞ்சம்தான். நெல் நனைந்து ஈரப்பதம் 17 சதவீதத்தைத் தாண்டினால் மூட்டை உள்ளேயே போகாது. அதே 30-ஐ நம்பித் திருமங்கலம் கரிசலில் மானாவாரிப் பருத்தி விதைக்க முடியுமா? மழை ஏமாற்றினால் விதைக்காசு, உழவுக்கூலி எல்லாம் போச்சு. பருத்திக்காரருக்கு 70 சதவீதமாவது வேண்டும். ஒரே கணிப்பு, ரெண்டு முடிவு, ரெண்டுமே சரி.

நம் ஆட்களோ 'வருமா வராதா, ஒத்த வார்த்தையில சொல்லு' என்பார்கள். சொல்பவர்களும் எதற்கு வம்பு என்று சதவீதத்தை விழுங்கிவிடுகிறார்கள். (வாட்ஸ்அப் மழை ஜோசியர்கள் தனி ரகம்.) செவ்வாய், வெள்ளிகளில் வரும் வேளாண் வானிலை அறிக்கையிலாவது அந்த எண்ணை முதல் வரியில் போடுங்கப்பா. மிச்சக் கணக்கைச் சம்சாரி போட்டுக்கொள்வார்.