ஈசல் வந்த நேரம் எக்செப்ஷன் பாடம்

கிராமத்தில் உட்கார்ந்துகொண்டு ஆன்லைனில் புரோகிராமிங் சொல்லிக்கொடுக்கிறேன் என்றால், கேட்பவர் முகத்தில் லேசாகப் பொறாமை எட்டிப்பார்க்கும். தென்னந்தோப்பு, ஈரக்காற்று, மடியில் லேப்டாப், வேறென்ன வேண்டும் என்பார்கள். அவர்கள் நினைப்பதெல்லாம் இங்கே இருக்கத்தான் செய்கிறது. நினைக்காததும் நிறைய இருக்கிறது.

தோப்பு விஷயத்தை முதலில் முடித்துவிடுகிறேன். ஆரம்பத்தில் ஜன்னலுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்துதான் பாடம் எடுத்தேன். பின்னால் தென்னை ஓலை ஆடும். மாணவர்கள் சொக்கிப்போனார்கள். ஆனால் வீடியோவைச் சுருக்கி அனுப்பும் மென்பொருளுக்கு இயற்கை ரசனை கிடையாது. அது ஒவ்வொரு பிரேமையும் முழுசாக அனுப்பாமல், முந்தைய பிரேமிலிருந்து எது மாறியதோ அதை மட்டும் அனுப்பப் பார்க்கும். வெறும் சுவர் என்றால் அதற்கு வேலையே இல்லை. காற்றில் ஆடும் ஓலை என்றால் கீற்றுக்குக் கீற்று, நொடிக்கு நொடி மாற்றம். இருந்த கொஞ்சநஞ்ச இணைய வேகத்தையும் தென்னை மரமே தின்றுவிட்டது. என் வாயசைவு ஒரு பக்கம், குரல் ஒரு பக்கம் என்று போனது. இப்போது எனக்குப் பின்னால் சுண்ணாம்புச் சுவர். தோப்பை நான் மட்டும் பார்த்துக்கொள்கிறேன்.

சேவல் கதை வேறு. ஒரு வகுப்பு மாணவர்களுக்கு மாலை, எனக்கு விடியற்காலை. சேவல் வெளிச்சத்துக்குக் காத்திருப்பதில்லை, அதன் உடம்புக்குள்ளேயே ஒரு கடிகாரம் ஓடுகிறது என்று 2013-இல் ஜப்பானிய ஆய்வாளர்கள் காட்டினார்கள். வெளிச்சம் வருவதற்கு இரண்டு மணி நேரத்துக்கு முன்பே தொடங்கிவிடுமாம். என் வீட்டில் வந்து ஒரு இரவு தங்கியிருந்தால் அவர்களுக்கு இவ்வளவு சிரமம் இருந்திருக்காது. சரி, இரைச்சலை நீக்கும் வசதி இருக்கிறதே என்பீர்கள். ஃபேன் மாதிரி ஒரே சீராக வரும் சத்தத்தை அது சுலபமாக வடிகட்டிவிடும். கொக்கரக்கோ ஏறி இறங்கி, இடைவெளி விட்டு, ராகம் போட்டு வருகிறது. மனிதக் குரல் என்றே நினைத்துக்கொள்கிறது போலும். ஒரு நாள் என் குரலை அமுக்கிவிட்டுச் சேவலை மட்டும் சுத்தமாக அனுப்பியது. அன்றைக்கு லூப் பாடம், ஒரே வேலையைத் திரும்பத் திரும்பச் செய்ய வைப்பது. “இது எப்போ சார் நிற்கும்?” என்று ஒரு மாணவி கேட்டார். லூப்பைக் கேட்டாரா, சேவலைக் கேட்டாரா என்று எனக்கு இன்னும் தெரியாது.

இதில் கடிகாரத்தை மாற்றும் கூத்து வேறு. வெப்பமண்டலத்தில் ஆண்டு முழுக்கப் பகலும் இரவும் ஏறக்குறைய ஒரே அளவுதான், முள்ளை முன்னும் பின்னும் தள்ள வேண்டிய தேவை இல்லை. வடக்கே கோடையில் பகல் நீளும் என்பதால் மார்ச்சில் ஒரு மணி நேரம் முன்னே தள்ளுவார்கள், அதுவும் அமெரிக்கா ஒரு ஞாயிறு, ஐரோப்பா வேறொரு ஞாயிறு. நான் அட்டவணையைத் திருத்திக்கொள்வேன். சேவல் திருத்திக்கொள்ளாது.

சொல்ல வந்தது ஈசல் வந்த நாளைப் பற்றி.

அன்று மாலை வகுப்பு. பைத்தான் மொழியில் எக்செப்ஷன் ஹேண்ட்லிங், அதாவது புரோகிராம் ஓடும்போது வரும் பிழையைச் சமாளிப்பது: ‘ட்ரை’ என்று முயன்று பார்ப்பது, பிழை வந்தால் ‘எக்செப்ட்’ என்ற இடத்தில் பிடிப்பது. மதியம் நல்ல மழை பெய்து ஓய்ந்து, காற்று அசையாமல் புழுங்கிக்கொண்டிருந்தது. “எழுதும்போதே எது எது கெட்டுப்போகலாம் என்று யோசிக்க வேண்டும். கோப்பு இல்லாமல் இருக்கலாம், இணைப்பு அறுந்துபோகலாம்…” என்று நான் சொல்லிக்கொண்டிருக்கும்போதே கரண்ட் போனது. இன்வெர்ட்டர் இருப்பதால் லேப்டாப்பும் ரவுட்டரும் ஓடின. பாடம் தொடர்ந்தது. எனக்கு உள்ளுக்குள் ஒரு கர்வம்கூட வந்தது.

ஊரே இருட்டு. வெளிச்சம் என்று இருந்தது என் திரை மட்டும். மழைக்குப் பிறகு புற்றிலிருந்து இறக்கை முளைத்துக் கிளம்பும் கறையானுக்குத்தான் ஈசல் என்று பெயர். வெளிச்சம் எங்கே இருக்கிறதோ அங்கே போகும். அத்தனையும் என் ஜன்னலுக்கு வந்தன. ஜன்னலை மூடுவதற்குள் திரை முழுக்க இறக்கை. கீபோர்டில் விழுந்தவை இறக்கையைக் கழற்றிப் போட்டுவிட்டுச் சட்டையைக் கழற்றிப் போட்டவன் போல நடையைக் கட்டின. ஸ்பேஸ் பாருக்கு அடியில் இறக்கை சிக்கி அமுங்க மறுத்தது. ‘எக்செப்ட்’ என்று சொல்ல வாயைத் திறந்தேன். ஒன்று உள்ளே போய்விட்டது.

திரையைக் கறுப்பாக்கிக் காட்டும் டார்க் மோடுதான் கண்ணுக்கு நல்லது என்று ஒரு பையன் முதல் வகுப்பிலிருந்தே என்னிடம் வாதாடி வந்தான். அன்று ஒரு வார்த்தையும் பேசாமல் மாற்றினேன். “சார் ஒத்துக்கிட்டாரு!” என்று அவன் கூவியது சேவலைவிடத் தெளிவாகக் கேட்டது.

அடுத்து பல்லி. விருந்து நடக்கிறது என்று தெரிந்து சுவரிலிருந்து இறங்கித் திரைக்கே வந்துவிட்டது. ட்ரை வரியில் இருந்த ஈசலைப் பிடித்தது, அடுத்த வரிக்குத் தாவியது. ஈசல் தீர்ந்ததும் அதன் பார்வை மவுஸ் கர்சர் மேல் விழுந்தது. நான் கர்சரை நகர்த்தினால் பின்னாலேயே வருகிறது. நிறுத்தினால் வாலை ஆட்டிக் குறி பார்க்கிறது. மாணவர்களுக்குத் தெரிந்ததெல்லாம், கர்சர் பேய் பிடித்தாற்போல் அங்குமிங்கும் ஓடுவதும், ஆசிரியர் “சூ! சூ!” என்பதும்தான். கடைசியில் போன் கேமராவைத் திருப்பிக் காட்டினேன். ஒருவர், 1947-இல் ஹார்வர்டு மார்க் 2 கணினியின் ரிலே என்ற மின்சுவிட்சில் அந்துப்பூச்சி மாட்டியதையும், அதை எடுத்துப் பதிவேட்டிலேயே ஒட்டி வைத்ததையும் சொல்லி, “நீங்களும் ஒண்ணை ஒட்டி வைங்க சார்” என்றார். ஒட்ட எங்கே இடம்? பதிவேடே இறக்கையாகக் கிடந்தது.

அப்போது பக்கத்து வீட்டுப் பாட்டி வாசலில் வந்து நின்றார். “ஏம்ப்பா, ஊரே விளக்கில்லாம கெடக்கு, நீ மட்டும் ஜெகஜோதியா ஒக்காந்து யாருகிட்ட சூ சூங்கற?” பாடம் எடுக்கிறேன் பாட்டி என்றேன். நம்பியதாகத் தெரியவில்லை. திரையைப் பார்த்தார், ஈசலைப் பார்த்தார், போய்விட்டார். கொஞ்ச நேரத்தில் ஒரு அகல பேசினில் தண்ணீர் ஊற்றி முற்றத்தில் வைத்து, அதற்கு மேலே லாந்தரைக் கட்டித் தொங்கவிட்டார். என் திரையை மறந்து ஈசல் கூட்டம் அப்படியே அங்கே திரும்பி, விளக்கைச் சுற்றிச் சுற்றித் தண்ணீரில் விழுந்தது.

போன் கேமராவில் பார்த்துக்கொண்டிருந்தவர்களில் நெட்வொர்க் பாதுகாப்பு வேலையில் இருப்பவர் ஒருவர். “சார், இது ஹனிபாட்!” என்று கத்தினார். திருடனை ஏமாற்றி இழுக்க, நிஜ சர்வர் மாதிரியே ஒரு பொய் சர்வரை வெளியே வைப்பார்களே, அதேதான். அடுத்த அரை மணி நேரம் எக்செப்ஷனை ஓரமாக வைத்துவிட்டு, பாட்டியின் பேசினைக் காட்டித்தான் பாடம் நடந்தது. அன்று எனக்குக் கேள்வி வந்ததுபோல் வேறு எந்த வகுப்பிலும் வந்ததில்லை. பாதிக்கு மேல் பாட்டியைப் பற்றிய கேள்விகள்.

வீட்டுப்பாடம் வந்து சேர்ந்தது. கோப்பைத் திறந்து படிக்கும் ஒரு சின்ன புரோகிராம்தான் கேட்டிருந்தேன். அநேகமாக எல்லோரும் ஈசலுக்கென்று தனியாக ஒரு எக்செப்ஷன் வகையை உருவாக்கியிருந்தார்கள். டார்க் மோடு பையன் ஒரு படி மேலே போய், எது நடந்தாலும் நடக்காவிட்டாலும் கட்டாயம் ஓடும் ‘பைனலி’ பகுதியில், கோப்பை மூடுவதற்குப் பதிலாகப் பாட்டியைக் கூப்பிட்டிருந்தான். பாட்டி என்ற ஃபங்ஷனை எங்கேயும் எழுதவில்லை, ஆகவே அந்த வரிக்கு வந்ததும் புரோகிராம் பிழை சொல்லி நின்றுவிட்டது. முழு மதிப்பெண் போட்டேன்.