ஒன்றும் பெறாது

"இது என்ன பெறும் தம்பி?" என்று கடைக்கு வந்த ஒருவர் கேட்டார். "ஒன்றும் பெறாதுங்கண்ணா" என்றேன். மூன்று வருடம் ஆகிறது. இன்னும் கடை ஷட்டரை இறக்கும்போதெல்லாம் அந்தப் பதில் வந்து நிற்கிறது.

கேரட் போட மண் கொத்தும்போது கிடைத்ததாம். கம்பளிக் குல்லாவில் சுற்றி எடுத்து வந்திருந்தார். உள்ளங்கை அகல சுடுமண் மூடி, மேலே ஓர் எருமை. ஒரு கொம்பு முழுசாக வளைந்திருந்தது. இன்னொன்று முறிந்த இடம் மட்டும் பளிச்சென்று சிவப்பு, மண்வெட்டி பட்டிருக்கும். கழுத்தடியில், செய்தவர் விரலால் அழுத்திய பள்ளம். என் கட்டைவிரல் அதில் அப்படியே பொருந்தியது.

நீலகிரிக் கல்வட்டங்களில், அதாவது சுற்றிலும் கல் வைத்த பழங்காலப் புதைகுழிகளில், கிடைக்கும் தாழி மூடி. இந்த மாதிரி மூடிகள் எழும்பூர் மியூசியத்தில் இருக்கின்றன, லண்டன் பிரிட்டிஷ் மியூசியத்திலும் இருக்கின்றன. விலை சொன்னால் தோண்ட ஆள் கிளம்பிவிடும், அடுத்த வாரமே மேட்டில் ஒரு கல்வட்டம் மிஞ்சாது. நூறு வருடம் தாண்டிய சிற்பத்தை, சுடுமண் உருவத்தை லைசென்ஸ் இல்லாமல் வியாபாரம் செய்ய 1972 தொல்பொருள் சட்டம் விடாது. பங்களா காலி செய்பவர்களின் நாற்காலி, கடிகாரம் வாங்கி விற்கும் கடை எங்களுடையது. அதனால்தான் அப்படிச் சொன்னேன்.

ஆனால் அந்த நாற்காலிக்காரர்களிடமும் விலையைக் குறைக்க இதே "ஒன்றும் பெறாது"தான் சொல்வேன். பழகிப்போன வாய். அன்று அது மூடியைக் காப்பாற்றச் சொன்னதா, எனக்கே வேண்டும் என்று சொன்னதா? வேண்டும் என்றுதான் இருந்தது, அதை மறைக்க முடியாது.

அவரும் கண்டுபிடித்துவிட்டார். "பெறாதுன்னா ஏன் தம்பி கீழ வைக்க மாட்டேங்கறீங்க?"

வைத்தேன். அப்புறம்தான், "ஊட்டி மியூசியத்துல குடுத்துடுங்கண்ணா" என்றேன். அதற்குள் குல்லாவில் சுற்றிக்கொண்டு படியிறங்கிவிட்டார். காதில் விழுந்ததா தெரியாது.

1878 புதையல் சட்டத்தைப் பிறகு படித்தேன். மண்ணுக்குள் கிடைத்தது பத்து ரூபாய்க்கு மேல் பெறுமானால் கலெக்டருக்குத் தெரிவிக்க வேண்டும் என்றுதான் அதை எழுதியிருக்கிறார்கள். ஒன்றும் பெறாது என்று நானே சொன்ன பிறகு அவர் எதற்குத் தெரிவிக்கப் போகிறார்?

மியூசியத்துக்கு இரண்டு தடவை போய்ப் பார்த்தேன். ஒற்றைக் கொம்பு எருமை எந்த அலமாரியிலும் இல்லை. அவர் எந்த ஊர் என்றுகூட அன்று நான் கேட்கவில்லை.