நாவற்குடாவில் ஏறிய சூட்டு முள்

களுவாஞ்சிக்குடியிலிருந்து வரும்போது காரில் எஞ்சின் சூட்டைக் காட்டும் முள் நடுவிலேயே நின்றது. காத்தான்குடி நெரிசலில் ஊரத் தொடங்கியதும் மளமளவென்று ஏறியது. நாவற்குடாவில் ஓரங்கட்டி எஞ்சினை நிறுத்தினேன். ஓடும்போது எதிர்க்காற்றே ரேடியேட்டரைக் குளிர்த்திவிடும், ஊரும்போதுதான் ஃபேன் வேண்டும். சந்தேகம் நேரே அதன்மேல் போனது.

"மூடியத் திறந்து தண்ணிய ஊத்து மகன்" என்றார் அம்மா. கூடவே கூடாது. கொதிநீர் அழுத்தத்தோடு முகத்தில் அடிக்கும். முக்கால் மணி நேரம் ஆறவிட்டோம்.

வீட்டுக்கு வந்து ஏசியைப் போட்டேன். என் காரில் ஏசி போட்டால் ஃபேன் சுற்ற வேண்டும், சுற்றவில்லை. பியூஸ் சரி. ஹோர்னுக்கும் ஃபேனுக்கும் ஒரே வகை ரிலே (மின்சாரத்தால் இயங்கும் சுவிட்ச்), அதனால் இரண்டையும் இடம் மாற்றினேன். ஹோர்ன் அடித்தது, ஃபேன் அசையவில்லை. ஆக, ரிலேயில் பிழையில்லை. அப்புறம் மோட்டரின் சொக்கெட்டைக் கழற்றி, பற்றரியிலிருந்து பியூஸ் போட்ட வயரால் நேரே 12 வோல்ட் கொடுத்தேன். கிர்ரென்று சுழன்றது! அந்தச் சத்தம் கேட்டபோது வந்த நிம்மதி!

சொக்கெட்டைத் திருப்பிப் பார்த்தால் எர்த் முனையில் பச்சைக் களிம்பு. வீடு டச்பார் பக்கம், உப்புக்காற்று செம்பை விடுமா? சுரண்டித் துடைத்து மாட்டினேன். எஞ்சினை ஓடவிட்டேன். முள் நடுவைச் சற்றுத் தாண்டியதும் ஃபேன் தானாகவே சுற்றியது.