கட்டை முதலில், முடிவு பிறகு

கிளிநொச்சிப் பக்கத்துப் பாடசாலை ஒன்றில் கணிதம் படிப்பிக்கிறேன். 10ஆம், 11ஆம் தரப் பிள்ளைகளுக்கு நிகழ்தகவு தொடங்கும் காலத்தில், பாடசாலை விட்ட பிறகு ஒரு மேசைப் போர் விளையாட்டு நடத்துவது என் வழக்கம். அட்டையில் வெட்டி சோடா மூடியில் ஒட்டிய வீரர்கள், மணல் பரப்பிய மேசை, அடிமட்டம், ஒரு பேணி நிறையத் தாயக்கட்டை. சாமான் அவ்வளவுதான். களம் 1803ஆம் ஆண்டு வன்னி. ஓகஸ்ட் 25இல் வன்னியின் சிற்றரசன் பண்டாரவன்னியன் முல்லைத்தீவில் ஆங்கிலேயரின் கோட்டையைப் பிடித்தது ஒரு மேசை. ஒக்ரோபர் 31இல் கற்சிலைமடுவில் தோற்றது இன்னொரு மேசை. இந்தப் பிள்ளைகளின் வீடுகள் கண்ட போரை நான் மேசைக்குக் கொண்டுவருவதில்லை. அதை விளையாடிப் பார்க்க வேண்டிய தேவை இங்கே யாருக்கும் கிடையாது.

வெளியில் கிடைக்கும் விதிகள் பலவற்றில் ஒரு வெடிக்கு மூன்று தரம் உருட்ட வேண்டும். பட்டதா, காயமா, கவசம் காத்ததா என்று மூன்று. ஒவ்வொன்றிலும் 4 அல்லது அதற்கு மேல் வேண்டுமென்றால், எட்டில் ஒரு வெடிதான் ஆளை விழுத்தும். நாங்கள் அதை ஒரே உருட்டலாகச் சுருக்கினோம்: வெடிக்கு ஒரு கட்டை, 6 விழுந்தால் பட்டது. எட்டில் ஒன்று ஆறில் ஒன்றானது. அந்தச் சிறு வித்தியாசம் எங்களுக்குப் பெரிதில்லை, பின்னேரம் மிஞ்சியது.

ஆனால் அதிலிருந்துதான் சண்டை தொடங்கியது. ஆறு பேர் வெடி வைத்தால் ஆறு கட்டை. அதில் ஒரு 6 விழுந்தே தீரும் என்பது பிள்ளைகளின் நம்பிக்கை. ஒன்றுகூட விழாமல் போக 33 சதவீத வாய்ப்பு உண்டு, அதாவது மூன்றில் ஒரு தரம். கரும்பலகையில் ஆறில் ஐந்தை ஆறு தரம் பெருக்கிக் காட்டினால் தலையாட்டுவார்கள். மேசையில் நடந்தால், "ரீச்சர், இது கள்ளக்கட்டை" என்பார்கள்.

சரி, கட்டையையே பார்ப்போம் என்று ஆனையிறவு உப்பை எடுத்தோம். ஒரு கண்ணாடிக் குவளையில் தண்ணீர். இனிக் கரையாது என்னும் வரை உப்பைப் போட்டுக் கலக்கி, கலங்கல் தெளிய விட்டோம். கடையில் வாங்கிய மலிவுப் பிளாஸ்ரிக் கட்டையை உள்ளே விட்டால் மிதக்கும். விரலால் சுண்டிவிட்டால் உருண்டு, ஆடி, நிற்கும். பாரம் சமமாக உள்ள கட்டை ஒவ்வொரு தரமும் வேறு வேறு முகத்தைக் காட்டும். பச்சைக் கட்டை ஒன்று எப்படிச் சுண்டினாலும் மெல்லத் திரும்பி 2ஐயே மேலே காட்டியது. எதிர் முகங்களின் கூட்டு 7 என்பதால் பாரம் 5 இருந்த பக்கம். உள்ளே எங்கோ காற்றுக் குமிழி இருந்திருக்க வேண்டும். "கோடாத தாயக்கட்டை ஒன்று எறியப்படுகின்றது" என்று பாடப்புத்தகக் கணக்குகள் தொடங்கும். ஒரு பக்கம் சாயாத என்று பொருள்படும் அந்தக் "கோடாத" எதற்கு என்று அன்றைக்குப் பிறகு யாரும் கேட்கவில்லை. பச்சைக் கட்டை இப்போது மேசையில் வழிகாட்டிக் கல்லாக நிற்கிறது.

எந்தக் கேள்விக்கு ஒரு கட்டை, எதற்கு இரண்டு என்பதில் நான் பிடிவாதக்காரி. ஒரு கட்டையில் +1 கொடுத்தால், அதாவது விழுந்த எண்ணோடு ஒன்றைக் கூட்டினால், எங்கே கொடுத்தாலும் வாய்ப்பு ஆறில் ஒரு பங்கு கூடும். இரண்டு கட்டையின் கூட்டுத்தொகை அப்படியில்லை. 7 அல்லது மேல் விழ 36இல் 21 வழி. +1 கிடைத்து 6 போதும் என்றானால் 26 வழி. ஆனால் 11 வேண்டிய இடத்தில் 10 போதும் என்றால் 3 வழி 6 ஆகிறது, அவ்வளவுதான். அதனால் அணி கலைந்து ஓடுமா நிற்குமா என்ற கேள்விக்கு இரண்டு கட்டை வைத்தோம். தடுமாறி நிற்கும் அணிக்குப் பக்கத்தில் தலைவன் வந்து நின்றால் பலன் அதிகம். முழுக்க உடைந்துபோன அணிக்கு அவன் வந்தும் பெரிதாக ஒன்றும் ஆகாது. எனக்கு அது சரியாகப் படுகிறது.

இந்த வேலையில் என்னை மிகவும் யோசிக்க வைத்தது கட்டையின் எண் அல்ல, அதை எப்போது உருட்டுவது என்பதுதான். பிள்ளை யோசித்து ஒரு திட்டம் போட்டு, அணியை நகர்த்தி, கடைசியில் உருட்டி 1 விழுந்தால், அந்த யோசனைக்கு மதிப்பில்லாமல் போகிறது. இரண்டு சுற்று அப்படிப் போனால் கதிரையில் சாய்ந்துவிடுவான். அதனால் வரிசையை மாற்றினோம். சுற்றுத் தொடங்கும்போதே ஐந்து கட்டையை உருட்டி முன்னால் வைக்க வேண்டும். பிறகு எந்த எண்ணை எந்த அணிக்குக் கொடுப்பது என்பது அவன் பாடு. பெரிய எண் கிடைத்த அணி ஓடலாம், வெடி வைக்கலாம்; 1 கிடைத்தது நின்ற இடத்தில் நிற்கும். இப்போது 1 விழுந்தால் யாரும் கட்டையைத் திட்டுவதில்லை. அதை எந்த அணியின் தலையில் கட்டலாம் என்றுதான் மேசை முழுக்கப் பேச்சு. ஓடுவதா நிற்பதா என்பதை மட்டும் பின்னால் உருட்டுகிறோம். பயம் சொல்லிக்கொண்டு வருவதில்லையே.

1824இல் பிரஷ்யாவில் ரைஸ்விட்ஸ் என்ற அதிகாரி வெளியிட்ட போர் விளையாட்டில் கட்டையோடு ஒரு நடுவரும் இருந்தார். எங்கள் மேசையில் நடுவர் இல்லை. ரீச்சர் நடுவரானால் பிள்ளைகள் களத்தை விட்டு என் முகத்தைப் பார்ப்பார்கள்.

பாதையில் ஒரு மாட்டு வண்டி உண்டு, ஊர்ச்சனத்துடையது. முதல் வரைவில் பக்கத்தில் வெடி வைத்தால் வண்டி நிற்கிறதா போகிறதா என்று உருட்ட வேண்டும் என்று எழுதியிருந்தோம். அதிகம் பேசாத பிள்ளை ஒருத்தி, "ரீச்சர், சனத்துக்குக் கட்டை உருட்டக் கூடாது" என்றாள். அவள் சொன்ன விதி இது: வண்டி ஒவ்வொரு சுற்றும் ஒரு சாண் போகும்; குறுக்கே நிற்பவர் விலக வேண்டும்; அதைத் தாண்டி யாரும் வெடி வைக்கக் கூடாது. "உண்மையில அப்படி நடக்காதே" என்றான் ஒருவன். அவள் மறுமொழி சொல்லவில்லை. விதிக் கொப்பியில் அதை எழுதிக் கீழே இரண்டு கோடு போட்டாள். அதை நான் திருத்தவில்லை, இனியும் திருத்தப்போவதில்லை. விளையாட்டும் கெடவில்லை. வண்டி கடக்கும்வரை இரண்டு பக்கமும் காத்திருந்து, அதற்குப் பிறகான சுற்றை முன்கூட்டியே கணக்குப் பார்க்கிறார்கள்.

இப்போது ஓடிக்கொண்டிருப்பது மழை விவகாரம். கற்சிலைமடு மேசை ஐப்பசியில் நடப்பது. மழை வந்தால் வெடிமருந்து நனையும். ஒரு கட்டையில் 6 விழுந்தால் மழை என்றால் முதல் சுற்றிலும் வரலாம், கடைசிவரை வராமலும் போகலாம். ஒருவன் வேறு வழி சொன்னான்: சுற்றின் எண்ணோ அதற்குக் குறைவோ விழுந்தால் மழை. முதல் சுற்றில் 1, இரண்டாவதில் 1 அல்லது 2, இப்படியே போய் ஆறாவதில் கட்டாயம் கொட்டும். மூன்றாம் சுற்று முடிவதற்குள் மழை வந்துவிட 72 சதவீதம். துவக்குக்காரர் பக்கம் எடுத்தவர்களுக்கு இது அநியாயமாம். முதல் இரண்டு சுற்றுக்கு உருட்டவே கூடாது என்று நிற்கிறார்கள். வாய்ப்புகளைக் கிளை கிளையாக வரைந்து காட்டும் மரவரிப்படத்தோடு எழுதிக்கொண்டு வரச் சொல்லியிருக்கிறேன்.