சிறுமலைல வாங்குன முள்சீத்தா, தூக்குவாளில செஞ்ச சார்பெட்

அக்னி நட்சத்திரம் ஆரம்பிச்ச மூணாம் நாளே மதுரைல வீட்டுக்குள்ள இருக்க முடியல, சிறுமலைக்காவது போய்ட்டு வருவோம்னு நானும் மச்சானும் விடியகாலைலயே பைக்க எடுத்துட்டோம். வாடிப்பட்டி பக்கம் போறப்பவே வலது கை பக்கமா மலை தெரிய ஆரம்பிச்சிரும், ஆனா ரோடு திண்டுக்கல் போய்த்தான் மேல ஏறும், 18 கொண்டை ஊசி வளைவு. பாதி ஏறுனதுமே காத்து மாறிருச்சு.

சிறுமலைனா எல்லாரும் மலை வாழைப்பழம்தான் வாங்குவாங்க, புவிசார் குறியீடு வாங்குன பழம், நாங்களும் ஒரு சீப்பு வாங்கினோம். அந்த கடைலதான் ஓரமா பச்சையா, மேல மெத்துன்னு முள்ளு முள்ளா ஒரு பழம் கிடந்துச்சு, முள்சீத்தா. கடைக்கார அம்மா அமுக்கி பாத்துட்டு "தம்பி இத நாளைக்கே சாப்ட்ருங்க, அதுக்கு மேல தாங்காது"ன்னாங்க. பழுத்துட்டா ரெண்டு நாள்ல அழுகிரும், அதான் நம்ம ஊர் பழக்கடைல அவ்வளவா கண்ல படுறதில்ல. ஒன்றரை கிலோ இருந்துச்சு, மடில வச்சு குழந்தை மாதிரி கொண்டு வந்தோம்.

மறுநாள் அறுத்தா வீடு பூரா வாசனை, அன்னாசியையும் சீத்தாவையும் சேத்து வச்ச மாதிரி, நல்ல புளிப்பு. மிக்ஸில மட்டும் போட்றாதீங்க, விதை உடைஞ்சிரும், அந்த விதைல நரம்புக்கு ஆகாத விஷம் இருக்கு. கையால பிசைஞ்சு சல்லடைல வடிகட்டினா வெள்ளையா கூழ் வரும், எங்களுக்கு 600 கிராம் வந்துச்சு. (இது கேன்சருக்கு மருந்துன்னு சொல்லி நிறைய பேர் விக்கிறாங்க, மனுசங்ககிட்ட அப்படி நிரூபணம் ஆகல, அத நம்பி யாரும் வைத்தியத்த நிறுத்திராதீங்க, ப்ளீஸ்.)

சார்பெட்னா வேற ஒண்ணுமில்ல, நம்ம சர்பத்த உறைய வைக்கிறதுதான், பேரே அதுலருந்து வந்ததுதான். பால் கெடையாது, அதனால பழத்தோட வாசனை மழுங்காம அப்படியே நிக்கும், எனக்கு அதான் இதுல ரொம்ப புடிச்சது. ஆனா சீனிய குறைச்சா கதை முடிஞ்சது. நான் உடம்புக்கு நல்லதுன்னு 60 கிராம் மட்டும் போட்டு ஃப்ரீசர்ல வச்சேன், கல்லு மாதிரி ஆயிருச்சு, கரண்டி இறங்கல. சீனிங்கிறது இனிப்புக்கு மட்டும் இல்லைங்க, தண்ணி முழுசா கட்டியாகாம தடுக்கிறதே அதுதான். திரும்ப உருக விட்டு, மொத்தம் 150 கிராம் வர்ற மாதிரி மிச்ச சீனிய 150 மில்லி தண்ணில பாகா காய்ச்சி, நல்லா ஆறவச்சு ஊத்தி, ஒரு எலுமிச்சை, ஒரு சிட்டிகை உப்பு. சீனி அளவு பாக்க ஒரு பழைய வழி இருக்கு, கழுவுன முட்டைய கலவைல மிதக்க விட்டா மேல ஒரு ரூபா காசு அளவுக்கு தலை தெரியணும், முங்குனா சீனி பத்தாது.

எல்லாம் ரெடி, கரண்ட் போயிருச்சு!

மச்சான் போய் ஐஸ் பார் வாங்கிட்டு வந்தான். அத உடைச்சு வாளில போட்டு மூணு பங்கு ஐஸுக்கு ஒரு பங்கு கல்லுப்பு, நடுவுல கலவை ஊத்துன எவர்சில்வர் தூக்குவாளிய வச்சு கைப்பிடிய புடிச்சு இப்படியும் அப்படியும் திருப்பிட்டே இருந்தோம், பானை குல்ஃபிக்காரங்க செய்றதும் இதே முறைதான். உப்பு பட்டு ஐஸ் உருகுறப்ப சுத்தி இருக்க சூட்ட இழுத்துக்கும், பூஜ்யத்துக்கும் கீழ போயிரும். அஞ்சு நிமிசத்துக்கு ஒருக்கா தொறந்து ஓரத்துல ஒட்டுனத கரண்டியால சுரண்டி நடுவுல தள்ளணும், அப்பத்தான் ஐஸ் பொடிசா நிக்கும். முக்கா மணி நேரத்துல வெண்ணெய் மாதிரி வழுவழுன்னு வந்துச்சு, கை ரெண்டும் மரத்துப்போச்சு.

அப்பத்தாவுக்கு ஒரு டம்ளர்ல குடுத்தேன். பல்லு கூசும்னு சொல்லிட்டே வாங்குனாங்க, அப்புறம் டம்ளர வழிச்சு சாப்ட்டு "பாலே ஊத்தலையாடா இதுல?"ன்னு ரெண்டு தடவ கேட்டாங்க. விதைய கழுவி மொட்டமாடி தொட்டில ஊனி வச்சிருக்கேன்.